பொய்ச் சாட்சிக்காரனின் கை

என் மேசை இழுப்பறையில் ஒரு முழுநீளத் தாள் இருக்கிறது. முதுகலை படித்தபோது கருத்தரங்குக்கு எழுதிய கட்டுரையின் நான்காம் பக்கம். அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. அது என் மைனியுடையது. அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

மைனி மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஓர் அண்டி ஆபீஸில் வேலை பார்த்தார். பெயர்தான் ஆபீஸ், வறுத்த முந்திரிக்கொட்டையைத் தட்டி உடைக்கும் கொட்டகை அது. தோட்டின் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உட்காருவார்கள், அப்படியும் கை கறுக்கும். சனிக்கிழமை சாயங்காலம் மைனி தேங்காயெண்ணெய் தடவி, புளி போட்டுக் கையைத் தேய்ப்பார். மறுநாள் திருவிருந்து ஆராதனை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேய்ப்பார். எங்கள் சபையில் அப்பத்தை உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும்.

அப்படியொரு சனிக்கிழமை, திடீரென்று மழை. சன்னலோரம் நான் பரப்பி வைத்திருந்த தாள்களை, அப்போதுதான் வேலை முடிந்து வந்த மைனி ஓடிவந்து அள்ளினார். தாள் நனையவில்லை, ஆனால் கறை பட்டுவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! கட்டுரை ஒரு பழைய நாவலைப் பற்றியது. அதன் நாயகன் பொய்ச்சாட்சி சொல்லி நண்பனைச் சிறைக்கு அனுப்புகிறான். அன்றிலிருந்து அவன் வலது கை கறுக்கத் தொடங்குகிறது, எதைப் போட்டுக் கழுவினாலும் போவதில்லை. அந்தக் கறுப்புதான் பாவத்தின் குறியீடு என்று நான்கு பக்கம் விளாசியிருந்தேன். கோபமும் கிண்டலுமாக, "எங்க நாவல்ல பொய்ச்சாட்சி சொல்லிப் பாவம் பண்ணுனவனுக்குத்தான் மைனி இப்படிக் கை இருக்கும்" என்றேன்.

மைனி விழுந்து விழுந்து சிரித்தார். "அவன் எந்த அண்டி ஆபீஸ்ல கெடந்தான் மக்கா?"

அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். மறுநாள் பீடத்தின் முன் முழங்காலிட்டுத் திரும்பிப் பார்த்தால், மைனி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். காய்ச்சலோடுகூட வந்து அப்பம் வாங்கியவர் அவர். வீட்டுக்கு நடக்கும்போது ஏன் வரவில்லை என்று கேட்டேன்.

"கையை நீட்ட ஒரு மாதிரி இருந்துது மக்கா" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "ஆனா பொய் சொன்னது வாய்தானே? கை ஏன் கறுக்கணும்?" என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே கட்டுரையின் முடிவுரையை அடித்துவிட்டு, அந்தக் கேள்வியை எழுதினேன். கருத்தரங்கில் யாரும் பதில் சொல்லவில்லை. இப்போது அதே நாவலை நான் வகுப்பில் நடத்துகிறேன், எனக்கும் இன்றுவரை பதில் தெரியாது. மைனி அடுத்த திருவிருந்துக்கே எழுந்து வந்துவிட்டார். கோபமெல்லாம் கிடையாது. "உன் சாட்சிக்காரன் சொகமா இருக்கானா?" என்று போனில் இன்னும் விசாரிப்பார்.

மைனி வேலையை விட்டுப் பல வருடமாயிற்று, கை நன்றாக வெளுத்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தபோது சபையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பம் வாங்க எழும்புமுன் மைனி வலது உள்ளங்கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்தார். எதற்கு என்று கேட்டேன்.

"சும்மா மக்கா, ஒரு பழக்கம். எப்ப தொடங்குச்சோ, ஞாபகமில்ல" என்றார்.

எனக்கு ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வந்து அந்த நான்காம் பக்கத்தை எடுத்து, கறுப்பு ரேகையின் மேல் என் பெருவிரலை வைத்துப் பார்த்தேன்.