நூருக்காவின் மருதாணிக் குச்சிகள்

பொத்... பொத்... பொத்...

ஈரக் களிமண்ணைத் தூக்கி மேசையில் அடிக்கிற சத்தம். விருத்தாசலத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த பீங்கான் பொம்மை யூனிட்டில் காலைப்பொழுது இப்படித்தான் ஆரம்பிக்கும். களிக்குள் துளி காற்று தங்கினாலும் சூளையில் பொம்மை வெடித்துவிடும். அதை அடித்து விரட்டுவதுதான் எனக்கும் நூருக்காவுக்கும் வேலை.

நூருக்கா மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வீட்டுக்காரர் துபாயில் கடை வேலை.

ஒருநாள் வரும்போதே முகம் சரியில்லை. கையில் ஒரு ஊறுகாய் பாட்டில். உள்ளே தண்ணீரில் ஐந்து மருதாணிக் குச்சிகள்.

"ஹவுஸ் ஓனரு ரூமு கட்டணும்னு செடிய வேரோட வெட்டிட்டாரு செல்வி. ஒரு வார்த்தை கேக்கல. கீழ கெடந்த கிளையிலேர்ந்து இத மட்டும் ஒடிச்சாந்தேன்."

கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்காரர் வைத்த செடி அது. லீவில் அவர் வரும்போதெல்லாம் நூருக்கா அந்த இலையைத்தான் அரைத்து இரண்டு கையிலும் வைத்துக்கொள்வாராம். போனில் எதைக் கேட்க மறந்தாலும் செடியைக் கேட்க மறக்க மாட்டாராம் மனிதர்.

"வெட்டிட்டாங்கன்னு சொல்லிட்டீங்களாக்கா?"

"எப்படி சொல்றது? நல்லா தழைச்சிருக்குதுன்னு சொல்லிட்டேன்."

அவர் லீவுக்கு வர இன்னும் சில மாதங்கள்தான். அதற்குள் ஒரு குச்சியாவது செடியாக வேண்டும்... வீட்டில் இனி மண் தரை கிடையாது. அதனால் பாட்டில் எங்கள் யூனிட் ஜன்னலுக்கு வந்தது.

டீ நேரம் வந்தால் இரண்டு பேரும் அங்கேதான் நிற்போம். ஒருநாள் பார்த்தால் குச்சியின் அடியில் வெள்ளை வெள்ளையாக நூல். வேர்! எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

மண்ணுக்கு மாற்றும் வேலையை நாங்களே எடுத்துக்கொண்டோம். பொழுதுக்கும் களியில் கிடக்கிறவர்களுக்கு மண்ணைப் பற்றி யார் வந்து சொல்ல வேண்டும் என்ற நினைப்பு. களி சலிக்கிற பொடிச் சல்லடையிலேயே மண்ணைச் சலித்தோம். ஒரு கல் இல்லை, ஒரு தூசி இல்லை. மாவு மாதிரி இருந்தது. விரிசல் விழுந்த ஜாடிகளின் அடியில் ஓட்டை போட்டு, மண்ணைக் குழைத்து நிரப்பி, குச்சிகளை நட்டு, சுற்றிலும் தட்டித் தட்டி இறுக்கினோம். பார்க்க அவ்வளவு லட்சணம்.

நாலே நாளில் ஒன்று தலையைத் தொங்கப்போட்டது.

ஏன்? வெயிலாக இருக்கும் என்று பொம்மைகள் காய்கிற கொட்டகைக்குள் மாற்றினோம். அடுத்ததும் வாடியது. தண்ணீர் போதவில்லையோ? இன்னும் ஊற்றினோம். இலை மஞ்சளானது. குழாய்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று நான் வீட்டுக் கிணற்றிலிருந்து கேனில் கொண்டுவந்தேன். மூன்றாவதும் போனது.

தண்ணீர் இருக்கிறது, நிழல் இருக்கிறது, வேரும் இருந்தது. பின்னே எதற்குச் சாகிறது? எனக்குத் தூக்கத்தில்கூட அதே யோசனை. நூருக்காவுக்கோ சோறு இறங்கவில்லை.

கடைசியில் பொறுக்க முடியாமல், செத்த குச்சி ஒன்று இருந்த ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினேன்.

மண் உதிரவில்லை... மொத்தமாக, ஜாடியின் வடிவத்திலேயே, வழவழவென்று கட்டியாக வந்து விழுந்தது. கட்டை விரலை வைத்து அழுத்தினேன். உள்ளே போகவில்லை. உடைத்துப் பார்த்தால் வேர் பாட்டிலில் இருந்த அதே நீளம்தான். நுனி மட்டும் அழுகியிருந்தது. ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை பாவம்.

நூருக்கா அந்தக் கட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத அப்படியே சூளையில வெக்கலாம்டி. வெடிக்கவே வெடிக்காது."

சொல்லிவிட்டுச் சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தார்.

"செல்வி... காத்தையே வெளிய தள்ளிட்டோம்டி. வேரு எப்படி மூச்சு வுடும்?"

அன்றைக்குச் சாயங்காலமே மிச்சமிருந்த இரண்டையும் பதமாக வெளியே எடுத்தோம். மணிமுத்தாற்று மணல், மக்கின சாணி, கொட்டகைக்குப் பின்னால் கிடந்த உடைந்த பொம்மைச் சில்லு எல்லாம் கலந்து, தட்டாமல், அழுத்தாமல், லேசாக நட்டோம். தண்ணீரிலேயே வளர்ந்த வேராச்சே, காற்றுப் பட்டால் இலை காயும் என்று பாலிதீன் கவர் ஒன்றைத் தலையில் கவிழ்த்து, ஊசியால் ஓட்டை போட்டு, பத்து நாள் கழித்துத்தான் கழற்றினோம்.

ஒன்று பிழைத்துவிட்டது.

பொட்டுத் துளிர் வந்த அன்றைக்கு நூருக்கா யூனிட் முழுக்கத் தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

வீட்டுக்காரர் வந்தபோது செடி ஒரு சாண் உயரம்தான். பறித்த இலை ஒரு விரலுக்குத்தான் காணும். அடுத்த வாரம் வேலைக்கு வந்த நூருக்கா அந்த ஒற்றைச் சிவப்பு விரலை என் முன்னால் நீட்டினார். கண் கலங்கியிருந்தது.

"ஏன் ஒத்த வெரலுன்னு கேப்பாருன்னு பயந்துகிட்டே நின்னேன் செல்வி. அவரு கேக்கல. 'அதுக்குள்ள இவ்ளோ எல வந்துடுச்சா'ன்னாரு."

ஹவுஸ் ஓனரின் மகனும் துபாயில் அதே கடையில்தான் வேலையாம். செடியை வெட்டிய வாரமே அவரிடம் சொல்லிவிட்டானாம்.

"அப்புறம் ஏங்க போனு போட்டப்பல்லாம் கேட்டீங்கன்னேன். 'தழைச்சிருக்குதுன்னு நீ சொல்றப்ப கேக்க நல்லாயிருந்துச்சு'ன்னாரு."

அதைக் கேட்டு எனக்கும் அழுகை வந்துவிட்டது.

இப்போது நான் பாண்டிச்சேரியில். பால்கனித் தொட்டியில் ஒரு நந்தியாவட்டைக் குச்சியை நட்டிருக்கிறேன். ஏன் வாடுகிறது என்று போனிடம் கேட்டால் நொடியில் பத்துக் காரணம் சொல்கிறது. இறந்த செடியைச் சுற்றி இரண்டு பேர் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையே இல்லை.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில். தினமும் வீடியோ காலில் வருவார். நேற்றும் வந்தார்.

"செடி எப்படிம்மா இருக்குது?"

"நல்லா தழை..." என்று ஆரம்பித்தேன்.

"கேமராவத் திருப்பு, பாப்போம்."

திருப்பினேன்.

"வாடிப் போயிருக்குதே" என்றார்.

"ஆமாங்க" என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.