தண்ணீர் குடித்த எஞ்சின்

அடிபட்ட வண்டிகளையும் வெள்ளத்தில் மாட்டிய வண்டிகளையும் பார்த்து, என்ன கெட்டது, எதனால் கெட்டது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பது அவளுடைய வேலை. பத்தொன்பது வருஷமாக அதைத்தான் செய்கிறாள். ஒர்க்‌ஷாப்புகளில் நேரில் 'சர்வேயர் மேடம்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'டார்ச் மேடம்'. விரல் நீளத்தில் ஒரு டார்ச் எப்போதும் கையில் இருக்கும். உச்சி வெயிலிலும் அதை அடித்துத்தான் எதையும் பார்ப்பாள். பொய் சொல்லி அவளிடம் மாட்டிக்கொண்டவர்கள் இன்னும் இரண்டெழுத்து சேர்த்து 'டார்ச்சர் மேடம்' என்பார்கள். இரண்டு பெயரும் அவளுக்குத் தெரியும். காதில் வாங்கிக்கொள்ள மாட்டாள்.

மழைக்காலத்தில் அவள் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தண்ணியில நின்ன பிறகு மறுபடி ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"தொடவே இல்ல மேடம்" என்பார்கள். பத்துக்கு எட்டுப் பேர் தொட்டிருப்பார்கள். எஞ்சினுக்குள் காற்று போனால் பிஸ்டன் அதை அழுத்தும், காற்று சுருங்கிக் கொடுக்கும். தண்ணீர் சுருங்காது. தண்ணீரை அழுத்தப் போனால் பிஸ்டனைத் தள்ளுகிற இரும்பு ராடுதான் வளையும். நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே விட்டுவிட்டால் பல நேரம் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும். மனுஷனுக்கு அந்தப் பொறுமை வராது. சாவியைத் திருகத்தான் கை போகும்.

அவள் கணவர் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். ஐம்பது வயது. அரை மில்லிமீட்டர் கூடினாலும் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர். பேச்சு மட்டும் எண்ணி வைத்தது போல வரும். அவரிடம் ஒரு பழைய சின்ன கார் இருந்தது. கடைக்கும் வீட்டுக்குமாகப் பதினோரு வருஷம் ஒரு குறையும் சொல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

குறை அவள் தம்பி கண்ணுக்குத்தான் தெரிந்தது. தம்பி அச்சகத்தில் மெஷின் ஓட்டுபவன். வண்டிப் பைத்தியம். சொந்தமாக வண்டி இல்லாததால் அந்தப் பைத்தியம் முழுவதும் மாமாவின் வண்டி மேல் இறங்கியது. அக்கா வெளியூர் வேலையாகப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எஞ்சின் மூச்சு விடுகிற பழைய பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு, பளபளவென்று ஒரு அலுமினியக் குழாயை மாட்டிவிட்டான். 'கோல்ட் ஏர் இன்டேக்' என்று அதற்குப் பெயர். பழைய பெட்டி எஞ்சினுக்கு மேலே, முகப்பு விளக்குக்குப் பின்னால், உயரத்தில் இருந்தது. புதுக் குழாய் கீழே இறங்கி பம்பருக்குப் பின்னால் முடிந்தது. அதன் நுனியில் கூம்பு மாதிரி சிவப்பு ஃபில்டர்.

அவள் ஊரிலிருந்து வந்ததும் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தாள்.

"இது எங்கடா போய் முடியுது?"

"பம்பருக்குப் பின்னாலக்கா. எஞ்சின் சூடு அங்க வராது. நல்லா குளிர்ந்த காத்து கிடைக்கும். இழுவையே தனி."

"தண்ணியும் அங்கதான் முதல்ல வரும்."

"நாம என்ன படகா ஓட்டப் போறோம்?"

கணவர் பக்கத்தில் நின்று, "சத்தம் நல்லாருக்கு" என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு வந்து நாளாகியிருந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி அடித்தொண்டையில் உறுமியது. சிக்னலில் பச்சை விழுந்ததும் அவர் கொஞ்சம் கூடுதலாக மிதிப்பதைப் பின்சீட்டிலிருந்து அவள் கவனித்தாள். "மழைக்கு முன்னாடி கழட்டிடுங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லவில்லை. வேலை கழுத்து வரை இருந்தது.

மழை வந்தது. இரண்டு நாள் விடாமல் பெய்து, மூன்றாம் நாள் காலை கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் அவர் கடைக்குக் கிளம்பினார். ரயில் பாலத்துக்குக் கீழே இருக்கிற பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அரை டயர் உயரம்தான். பக்கத்தில் அதே மாதிரி கார் ஒன்று, டாக்சி, நிதானமாக உள்ளே இறங்கி அந்தப் பக்கம் ஏறிப் போவதைப் பார்த்தார். அவரும் இறங்கினார். நடுவில் போகும்போது எதிரே ஒரு பஸ் வந்தது. அது தள்ளிய அலை பம்பரில் வந்து மோதியது. உறுமல் இருமலாக மாறி, வண்டி நின்றுவிட்டது.

சாயங்காலம் வண்டி ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. தம்பி வீட்டுக் கூடத்தில் நின்றுகொண்டிருந்தான்.

"தேங்கின தண்ணில யாராவது வண்டிய விடுவாங்களா மாமா? சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே."

"பக்கத்துல டாக்சி போச்சு மச்சான். அதே வண்டி, அதே தண்ணி. அதுல உன் குழாய் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதைத்தான் செய்வார். "கூடத்தைக் கோணலாக்கினதே நீதானப்பா" என்றார்.

பிறகு இரண்டு பேரும் அவளைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். ஊரார் வண்டிக்கெல்லாம் தீர்ப்பு எழுதுகிறவள், வீட்டு வண்டிக்கு என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

"பாத்துட்டுச் சொல்றேன்" என்றாள்.

தம்பி தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான். மறுநாள் அம்மா போன் செய்து, "அவன் ஆசையா செஞ்சு குடுத்தான், அதுக்கு இந்தப் பேச்சா" என்று கேட்டாள். அம்மா தம்பியோடு இருப்பவள். அவள் கட்சி எது என்பதில் சந்தேகம் இல்லை.

சொந்த வண்டியை அவளே சர்வே செய்ய முடியாது. அலுவலகத்தில் விஷயத்தைச் சொல்லி, ஃபைலை இன்னொரு சர்வேயருக்கு மாற்றச் சொன்னாள். அவர் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. அவள் புதன்கிழமை, வண்டிக்காரரின் மனைவியாக மட்டும், கணவரோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனாள். டார்ச்சை எடுத்துக்கொண்டுதான் போனாள்.

ஹெட் மெக்கானிக் பம்பரைக் கழற்றி வைத்திருந்தார். சிவப்பு ஃபில்டர் சேறு குடித்து ஊறிக் கிடந்தது. மடிப்புகளுக்குள் ஒரு இலை. நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி எஞ்சினைக் கையால் சுற்றினார்கள். மூன்றாவது துளையிலிருந்து மட்டும் பழுப்புத் தண்ணீர் எட்டிக் குதித்தது. மெக்கானிக் ஒரு சைக்கிள் கம்பியை எடுத்தார். ஒவ்வொரு துளையிலும் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது கம்பியை உள்ளே விட்டு, வெளியே தெரிகிற இடத்தில் பேனாவால் கோடு போட்டார். மற்ற மூன்று துளைகளுக்கும் கோடு ஒரே இடத்தில் விழுந்தது. மூன்றாவது துளையில் மட்டும் கம்பி இரண்டு தீக்குச்சிக் கனம் கூடுதலாக இறங்கியது.

"ராடு வளைஞ்சிருக்கு மேடம். ஓடுற வேகத்துல தண்ணிய வாங்கியிருந்தா ராடு எஞ்சின் பிளாக்கையே உடைச்சுக்கிட்டு வெளிய வந்திருக்கும். இது அப்படி இல்ல. நின்ன பிறகு செல்ஃப் அடிச்ச மாதிரி தெரியுது."

அவள் முன்னறைக்கு வந்தாள். கணவர் பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அவளையறியாமல் அலுவலகக் குரல் வந்தது.

"தண்ணியில நின்ன பிறகு மறுபடி ஸ்டார்ட் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"எத்தனை தடவை?"

"மூணு. மூணாவதுல பிடிச்சுது. ரெண்டு செகண்டு ஓடிச்சு. அப்புறம் டங்குன்னு ஒரு சத்தம், அவ்வளவுதான்."

"எத்தனை தடவை வீட்ல சொல்லியிருப்பேன்? சாவியத் தொடாதீங்கன்னு படிச்சுப் படிச்சு சொல்லியிருக்கேனே. அப்புறமும் ஏன் அடிச்சீங்க?"

அவர் குடையின் கைப்பிடியைப் பார்த்தார். "நீதான் அடிக்கச் சொன்ன" என்றார். மணி என்ன என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போலத்தான் சொன்னார்.

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். வண்டி நின்ற அன்று காலை பத்து பன்னிரண்டுக்கு அவரிடமிருந்து அழைப்பு. நாற்பது செகண்டு. அந்த நேரம் அவள் வேறொரு ஒர்க்‌ஷாப்பில், ஒரு லாரிக்கு அடியில் குனிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. 'வண்டி நின்னுபோச்சு' என்று அவர் சொன்னது மட்டும் காதில் விழுந்தது. முந்தின வாரம் முழுக்க பேட்டரி தகராறு செய்திருந்தது. அதுதான் என்று நினைத்து, "இன்னும் ரெண்டு தடவை அடிச்சுப் பாருங்க, பிடிச்சுக்கும்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டாள். அதன் பிறகு அந்த நினைப்பே இல்லை.

"தண்ணியில நிக்கிறேன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அங்க ஒரே சத்தம். உனக்குக் கேட்டிருக்காது."

"அப்ப அன்னைக்கு சாயங்காலம் ஏன் சொல்லல? அவன் அவ்வளவு பேச்சு பேசினான்."

"அது எனக்கும் அவனுக்கும் நடந்த பேச்சு. உன்ன எதுக்கு நடுவுல இழுக்கணும்?"

அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டார்ச் கையில் எரிந்துகொண்டே இருந்தது, அணைத்தாள். உள்ளே யாரோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தத் தட்டல் நின்றது.

பிறகு அவர் கேட்டார். "நாளைக்கு அந்த சர்வேயர் வந்து கேப்பாரே. தொடவே இல்லன்னு சொல்லிடவா? எல்லாரும் அதத்தானே சொல்றாங்க?"

பத்தொன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் எதிரே நின்று அந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறார்கள். அதைச் சொல்வதற்கு முன் வீட்டில் இப்படித்தான் யாரிடமோ கேட்டிருப்பார்கள் என்று அவளுக்கு அன்றுதான் தோன்றியது. அவளுக்கும் ஒரு நிமிஷம் ஆசை வரத்தான் செய்தது.

"அடிச்சேன்னே சொல்லுங்க. யார் அடிக்கச் சொன்னதுன்னு கேட்டா, நான்தான்னு சொல்லுங்க."

வியாழக்கிழமை வந்த சர்வேயர் அவளோடு பல வருஷம் வேலை பார்த்தவர். கணவர் சொன்னதை எழுதிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி, "டார்ச் மேடமா அடிக்கச் சொன்னாங்க?" என்று கேட்டார். "ஆமா" என்றார் கணவர். சர்வேயர் சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார். அங்கே சிரிக்காததை வெளியே போய்ச் சிரித்திருக்க வேண்டும். ஒரே வாரத்தில் எல்லா ஒர்க்‌ஷாப்புகளுக்கும் கதை போய்விட்டது. ஓரிடத்தில் ஒரு மெக்கானிக் முகத்தைச் சாதுவாக வைத்துக்கொண்டு, "மேடம், இன்னும் ரெண்டு தடவை அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றான். "அடி. ராடு உன்னுதா?" என்றாள். அதோடு அந்தக் கேலி நின்றது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பியை வரச் சொன்னாள். அவன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். அப்படியே நிற்க வைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள்.

"குழாய் உயரத்துல இருந்திருந்தா அந்தத் தண்ணி உள்ள போயிருக்காது. அது உன் கணக்கு, பாதி. தண்ணியப் பாத்த பிறகும் இறங்கினது இவர். என்னன்னு கேக்காம அடிக்கச் சொன்னது நான். மிச்சத்தை நாங்க ரெண்டு பேரும் பிரிச்சுக்கறோம்."

"அப்ப நான் பாதிதானா?" என்றான் தம்பி.

"பாதிதான். அதுக்கு மேல ஆசைப்படாத."

உள்ளேயிருந்து கணவர், "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வா மச்சான், கொசு வருது" என்றார். தம்பி கழற்றினான். மன்னிப்பு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் மூன்று பேருக்கும் கூச்சமாக இருந்திருக்கும்.

காப்பீட்டு நிறுவனம் கையை விரித்துவிட்டது. கடிதத்தில் இரண்டு காரணம் போட்டிருந்தார்கள்: அனுமதி இல்லாமல் மாற்றிய குழாய், தண்ணீரில் நின்ற பிறகு திருகிய சாவி. அவளே எழுதியிருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பாள். கணவர் படித்துவிட்டு, "எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்ல" என்று மடித்து வைத்தார்.

பின்பக்கம் நசுங்கி ஓய்ந்துபோன ஒரு வண்டியிலிருந்து நல்ல எஞ்சின் ஒன்றை ஹெட் மெக்கானிக் தேடிப் பிடித்தார். நான்கு ஞாயிற்றுக்கிழமை தம்பி அங்கேயே கிடந்து வேலை செய்தான். பழைய பிளாஸ்டிக் பெட்டியைக் கணவர் செய்தித்தாளில் சுற்றிப் பரணில் வைத்திருந்தார். அதுவே மறுபடி உயரத்தில் ஏறியது. அலுமினியக் குழாயை என்ன செய்வது என்று தம்பி கேட்டான். பிறகு அவனே எடுத்துக்கொண்டு போனான்.

வண்டி திரும்பி வர இரண்டு மாசம் ஆயிற்று. அதற்குள் கணவர் பஸ்ஸுக்குப் பழகிவிட்டார். காலையில் ஏறினால் வலது பக்கம், பின்னாலிருந்து மூன்றாவது ஜன்னல் சீட். பதினெட்டு நிமிஷம் தூங்குகிறார். இறங்கும் இடம் வந்தால் டிரைவரே கண்ணாடியில் பார்த்துக் குரல் கொடுக்கிறாராம். வண்டி வந்த முதல் வாரம் இரண்டு நாள் ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் சாவியைச் சாப்பாட்டு மேஜையில், அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நீ எடுத்துட்டுப் போ. நாலு ஒர்க்‌ஷாப் அலையறவ நீதான்."

"உங்களுக்கு?"

"எனக்கு பஸ் இருக்கு. இந்த வண்டில தூங்க முடியாது" என்றார்.