தேரையக்காவின் கோபம்

"கலப்படம்னு எழுதினது யாரு?"

தராசில் தொங்கிய துணிப்பைக்குள் ஒரு தேரை உதைத்துக்கொண்டிருந்தது. அக்கா முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்தான் கேட்டார்.

"நான்தான்க்கா. அறிக்கையைத் தமிழ்ல மாத்தித் தரச் சொன்னாங்க."

"கலப்படம்னா பால்ல தண்ணி ஊத்துறது. இது ரெண்டு சாதித் தேரை ஆசையா சேர்ந்து பெத்த பிள்ளைம்மா. கலப்புன்னு எழுது."

மாற்றினேன். மேலாளர் அதை மறுபடி கலப்படமாக்கித் திருப்பி அனுப்பினார். அக்கா நேராக அவர் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை.

"சார், உங்களுக்கு அம்மா மூக்கு, அப்பா காது. உங்களை யாராவது கலப்படம்னாங்களா?"

ஆற்றுயிர் ஆய்வு அலுவலகத்தில் அவருக்குத் தேரையக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், முகத்துக்கு நேரே கூப்பிட்டாலும் "என்னடா?" என்று திரும்புவார். முழங்கால்வரை ஏறும் ரப்பர் பூட்ஸை மேசைக்கடியில்கூடக் கழற்றமாட்டார். தேரையைத் தொடும் முன் உள்ளங்கையை நனைத்துக்கொள்வார். அதற்குத் தோல் காயக்கூடாதாம். அந்த ஈரக்கையை விருந்தாளிகளுக்கு அப்படியே நீட்டுவார்.

"ஆண் தேரைக்கு அவசரம் ஜாஸ்தி, கண்ணு கம்மி. ஒண்ணு என் பூட்ஸைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு விடவே மாட்டேன்னுச்சு. எங்க வீட்டுக்காரருக்குக்கூட அவ்வளவு பிரியம் கிடையாது."

சிரிப்பு அதோடு சரி. அணை வருவதற்கு முன், வெள்ளம் வடிந்ததும் சின்னத் தேரை முட்டையிட்டுவிட்டுப் போகும். பெரிய தேரையின் முறை கோடையில்தான். ஒரே ஆறு, ஒரே கரை, ஆனால் ஒன்றை ஒன்று பார்த்ததில்லை. இப்போது அணையிலிருந்து ஆண்டு முழுக்க ஒரே அளவில் தண்ணீர் வருகிறது. இரண்டும் ஒரே சமயத்தில் கரையேறுகின்றன. பிறப்பவை இரண்டுங்கெட்டான் குரலில் கத்துகின்றன. கலப்பில்லாத சின்னத் தேரை கண்ணில் படுவதே அரிதாகிவிட்டது.

அதைக் காப்பாற்றத் தலைமை அலுவலகம் கண்ட வழி, கலந்து பிறந்தவற்றையெல்லாம் பொறுக்கி அழிப்பது. பொறுக்க வேண்டியவர் அக்கா.

"சின்னது அழியுதுன்னு எனக்குத் தெரியாதா? வெள்ளக் காலத்துல வெள்ளம் விடுங்க, கோடையில குறைங்கன்னு தொண்டை கிழியக் கத்துறேன். குழாயைத் திருக மாட்டாங்களாம், கழுத்தைத் திருகணுமாம். அதுவும் என் கையால!"

உத்தரவு மொழிபெயர்ப்புக்காக என் மேசைக்கு வந்தது. 'கலப்பினத் தேரைகள் அகற்றப்படும்' என்று தட்டச்சு செய்திருந்தேன். அக்கா பின்னால் நின்று படித்தார். பூட்ஸிலிருந்து தரையில் நீர் சொட்டியது. ஈரவிரலால் திரையில் அந்தக் கடைசிச் சொல்லை அழுத்தித் தேய்த்தார். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"அகற்றப்படும்னா யாரு அகற்றுறா? காத்தா? எனக்கு ஒரே ஒரு உதவி பண்ணு. 'கொல்கிறேன்'னு எழுதி வை. கையெழுத்துப் போடுறவர் அதைத் தன் வாயால படிச்சுட்டுப் போடட்டும்."