ரவுண்டானாவுக்குக் கை தூக்கியவன்

ரவுண்டானா வேண்டும் என்று முதலில் கை தூக்கியவன் நான்தான். மறைத்துப் பிரயோஜனமில்லை. டீக்கடையில் எல்லாருக்கும் தெரியும். என் வீட்டுக்காரிக்கு ரொம்ப நன்றாகவே தெரியும்.

இருபது வருஷத்துக்கு மேல் ட்ரைலர் ஓட்டுகிறேன். எண்ணூர் பக்கத்துக் கிடங்குகளில் கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு ஹார்பர் கேட்டுக்குப் போவதும், இறக்கிவிட்டுத் திரும்புவதும்தான் என் பிழைப்பு. திருவொற்றியூரில் என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு நாற்சந்தி, அதில் ஒரு சிக்னல். அது பச்சையாக இருக்கும்போது நான் போய்ச் சேர்ந்ததாக ஞாபகமே இல்லை. லோடோடு நிற்கிற நாற்பதடி வண்டியை மறுபடி கிளப்புவது என்னவென்று கார்க்காரனுக்குத் தெரியாது. ஒன்றாவது கியரில் ஆரம்பித்து வண்டி ஒரு வழிக்கு வருவதற்குள் அடுத்த சிவப்பு விழுந்துவிடும். எதிரே ஈ காக்கை இருக்காது. ஆனாலும் நிற்கணும். அந்தக் கம்பத்தின் மேல் எனக்கு இருந்த கோபம் என் மச்சான் மேல்கூட இருந்ததில்லை.

சந்திப்பின் ஓரத்தில் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவரின் டீக்கடை. அங்கேதான் எங்கள் சட்டசபை. சிக்னலா, ரவுண்டானாவா என்று ஆரம்பித்தால் டீ ஆறிப்போகும், விவாதம் ஆறாது. சிக்னல் கட்சியில் ஒரு பஸ் டிரைவர். "செவப்பு வுழுந்தா தான் நைனா நான் ஒரு வாய் தண்ணியே குடிக்கறேன். அதையும் புடுங்காத" என்பார். அண்ணாச்சியும் அதே கட்சி. "வண்டி நின்னாத்தாம்லே நாலு பேரு கடையத் திரும்பிப் பாக்கான்" என்பார். சுயநலம் பிடித்தவர்கள் என்று இருவரையும் நாங்கள் ஒதுக்கிவிட்டோம்.

ரவுண்டானா கட்சிக்கு நான் தலைவர். தண்ணி லாரி ஓட்டுகிற ஒருத்தன் கொள்கை பரப்புச் செயலாளர். பிரேக் போட்டால் டேங்கில் தண்ணி முன்னால் அலம்பி வண்டியையே தள்ளுமாம். "நிக்கறதுக்கா மாமு வண்டி செஞ்சான்?" என்பதுதான் அவனுடைய ஒரே வாதம். நாய் குறுக்கே வந்தாலும் மனுஷன் வந்தாலும் அவனுக்கு ஒரே ஹாரன். வாயைத் திறந்தால் எழுதுகிற மாதிரி ஒரு வார்த்தை வராது.

ஒருநாள் எங்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு சமோசா. ஓர் அதிகாரி திரையில் படம் காட்டினார். நடுவில் அழகாக ஒரு வட்டம், சுற்றிலும் அம்புக்குறிகள், பொம்மை மாதிரி சின்னச் சின்னக் கார்கள். படத்தில் ட்ரைலரே இல்லையே சார் என்று எழுந்து கேட்டேன். நல்ல கேள்வி என்று குறித்துக்கொண்டார். நடக்கிற மனுஷர்களும் அதில் இல்லை என்பது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. யார் யாருக்கு ரவுண்டானா வேண்டும் என்று கேட்டபோது என் கைதான் முதலில் மேலே போனது. "நிக்காம போனா போதும் சார்" என்றேன். கைதட்டல் வேறு.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் பெருமையாகச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"வண்டி நிக்காம போவும், சரி. நாங்க ரோட்ட எப்டித் தாண்டறது? அத்த கேட்டியா?"

அதெல்லாம் ஆபீசருங்க பார்த்துப்பாங்க என்றேன்.

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. அவளும் எங்கள் தெருவில் இன்னும் மூன்று பெண்களும் இறால் பேக்கிங் கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி வேன் சாலைக்கு அந்தப் பக்கம் காலை ஆறு நாற்பதுக்கு வரும், ஒரு நிமிஷம் நிற்கும், போய்விடும். ஆறு மாசம் ஒழுங்காக வந்தால் வேலை பர்மனென்ட். அதற்குள் மூன்று தடவை வேனைத் தவறவிட்டால் இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அவள் நாலு மாசத்தை ஒரு நாள் பிசகாமல் தாண்டியிருந்தாள். எனக்கு இருபது வருஷத்தில் கிடைக்காத பர்மனென்ட் அது.

சிக்னலைப் பிடுங்கினார்கள். மணல் நிரப்பிய டிரம்களுக்குக் கறுப்பும் மஞ்சளும் அடித்து வட்டமாக நிறுத்தினார்கள். உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்கு வழி விட்டு, இடைவெளி கிடைத்தால் நுழைய வேண்டும் என்று போர்டு வைத்தார்கள். எழுதியவருக்கு ஹார்பர் லைனைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்று நினைக்கிறேன்.

ஹார்பர் கேட்டுக்கு வெளியே நாங்கள் வரிசையில் நிற்பதைத்தான் லைன் என்போம். சில நாள் கிலோமீட்டர் கணக்கில் நிற்கும். அங்கே ஒரே ஒரு சட்டம்: கேப் விடக்கூடாது. முன்வண்டிக்கும் உனக்கும் நடுவில் இரண்டு முழம் விட்டால் ஒருத்தன் மூக்கைச் சொருகுவான், அவன் பின்னால் அவன் தோஸ்து சொருகுவான், உனக்கு அரை நாள் போச்சு. லைனில் சாப்பிடுவோம், கண்ணயர்வோம், ஆனால் கேப் விடமாட்டோம். அப்படிப்பட்டவர்களிடம் இடைவெளி பார்த்து நுழையச் சொன்னால் என்ன ஆகும்?

முதல் நாள் காலையிலேயே ஆனது. நாலு பக்கத்திலிருந்தும் நாலு ட்ரைலர் ஒரே நேரத்தில் வட்டத்துக்குள் புகுந்தோம். ஒருத்தன் வாலை ஒருத்தன் மூக்கு தொட்டுக்கொண்டு நின்றது. நான் நகர முன்னாலிருப்பவன் நகரணும், அவன் நகர அவனுக்கு முன்னாலிருப்பவன் நகரணும், அவன் நகர நாலாவது ஆள் நகரணும், அவன் நகர நான் நகரணும். பின்வாங்க இடமில்லை, பின்னால் வந்தவர்களும் நம்ம ஆட்கள்தானே, கேப் விட்டிருக்கவில்லை. என் பின்சக்கரம் ஒரு டிரம்மை நசுக்கி ஏறி உட்கார்ந்திருந்தது. முக்கால் மணி நேரம் எல்லாரும் எல்லாரையும் திட்டினோம். அந்த அமளிக்கு நடுவில் நாலு பெண்கள் டிபன் பையோடு சாவகாசமாக நடந்து போனார்கள். மூன்றாவதாகப் போன என் வீட்டுக்காரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"ரவுண்டானா நல்லாத்தான்யா கீது" என்றாள். வேனைப் பிடித்துவிட்டாள்.

துரதிருஷ்டம், அதிகாரிகள் அதைச் சரி செய்துவிட்டார்கள். வட்டத்தைச் சின்னதாக்கி, ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தி, எந்த வண்டியும் நிற்காதபடி விசில் ஊதவைத்தார்கள். ஒரே வாரத்தில் வண்டிகள் சர்சர் என்று போக ஆரம்பித்தன. டீக்கடையில் நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். தண்ணி லாரிக்காரன் எனக்குத் தன் செலவில் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தான். அதே வாரம் அவள் முதல் தடவை வேனைத் தவறவிட்டாள்.

"கைய நீட்டிக்கினு நட. நிப்பாங்க" என்று அவளுக்கு அறிவுரை சொன்னேன்.

"நாளைக்கு உனுக்கு லோடு இல்லல்ல? நீயே வந்து நீட்டு" என்றாள்.

போனேன். ஆறரைக்கு நாலு பெண்களோடு ஓரத்தில் நின்றேன். ஆறடி உயர சீட்டிலிருந்து பார்த்த அதே சாலைதான். கீழே நின்று பார்த்தால் சக்கரமே என் இடுப்பு உயரம். இரண்டு எட்டு வைத்தால் ஒரு ஷேர் ஆட்டோ முட்டியை உரசிக்கொண்டு போகிறது. கையை நீட்டினேன். எதிரே வந்த ட்ரைலர்காரன் எனக்குத் தெரிந்தவன், நான் வணக்கம் வைக்கிறேன் என்று நினைத்துத் தானும் கையைத் தூக்கிவிட்டுப் போனான். அடுத்தவனும் அப்படியே. தண்ணி லாரி வந்தது. "இன்னா மாமு, வண்டி இல்லாம நின்னுகினு கீற! ரவுண்டானா சோக்கா கீதா?" என்று கத்திவிட்டு, வேகத்தைக் கொஞ்சமும் குறைக்காமல் போனான். லாரியிலிருந்து சிந்திய தண்ணி எங்கள் மேல் தெளித்தது. பன்னிரண்டு நிமிஷம் நீட்டிய கையோடு நின்றேன். அந்தப் பக்கம் வேன் வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது.

அவள் டிபன் பையோடு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இன்னும் ஒரு தடவை தவறினால் வேலை போச்சு.

மறுநாள் லோடோடு ஆறு முப்பத்தெட்டுக்கு ரவுண்டானா முனைக்கு வந்தேன். பெண்கள் ஓரத்தில் நின்றார்கள். முதலில் மரியாதையாக வேகத்தைக் குறைத்துக் கேப் விட்டுப் பார்த்தேன். இருபது வருஷத்தில் முதல் தடவை. கண்மூடித் திறப்பதற்குள் நாலு பைக்கும் ஒரு ஆட்டோவும் அதற்குள் புகுந்துவிட்டன. எவனோ ஒருத்தன் எனக்கு நன்றி வேறு சொன்னான். பிறகு ஸ்டியரிங்கை ஒடித்து, தலை வட்டத்துக்குள்ளும் வால் சாலையிலுமாக வண்டியைக் குறுக்கே போட்டு, நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு இன்ஜினை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் வட்டம் முழுக்க அடைத்துக்கொண்டது. உள்ளே போகவும் வழியில்லை, வெளியே வரவும் வழியில்லை.

கான்ஸ்டபிள் ஓடி வந்தார். "யோவ், இன்னாய்யா ஆச்சு?"

"ஏர் எறங்கிச்சு சார். பிரேக் புடிச்சிக்கிச்சு."

ட்ரைலரில் காற்றழுத்தம் இறங்கினால் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், மறுபடி ஏறும் வரை யானையைக் கட்டி இழுத்தாலும் அசையாது. அவருக்கும் தெரியும். பெண்கள் என் வண்டிக்கு முன்னால் நடந்தார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. கடைசி ஆள் தாண்டியதும், 'போலாம் ரைட்' என்று கிளீனர்கள் தட்டுவார்களே, அதே மாதிரி வண்டியின் மூக்கில் உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போனாள். உடனே எனக்கு ஏர் ஏறிவிட்டது. அன்றைக்கு லைனில் பதினோரு வண்டி என்னை முந்திக்கொண்டது.

அதற்கப்புறம் தினமும் ஆறு நாற்பதுக்கு என் வண்டிக்கு அந்த வியாதி வரும். மூன்று நிமிஷத்தில் குணமாகிவிடும். கான்ஸ்டபிள் கேட்பதை நிறுத்திவிட்டார், அந்த நேரத்துக்கு அண்ணாச்சி கடையில் டீ குடிக்கப் போய்விடுவார். மாமுவோட ட்ரைலரைக் காயலாங்கடையில் போட வேண்டியதுதான் என்று தண்ணி லாரிக்காரன் கடையில் எல்லார் முன்னாலும் கிண்டல் செய்தான். ஓட்டுறவன் கிழவனாயிட்டா வண்டியும் அப்படித்தான் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டேன். ரவுண்டானா எப்படி என்று யாராவது கேட்டால் பிரமாதம் என்றுதான் சொன்னேன். கை தூக்கியவன் வேறென்ன சொல்ல?

ஆறு மாசம் முடிய நாலு நாள் இருக்கும்போது, கன்டெய்னரோடு ஆறு மணிக்கே கேட்டில் இருக்கணும் என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். மாட்டேன் என்றால் வண்டியை வேறொருத்தனிடம் கொடுப்பார்கள். அவளிடம் சொன்னேன். "பாத்துக்கறேன், போ" என்றாள். லைனில் நின்றுகொண்டு ஆறு நாற்பதைப் பார்த்தேன், ஆறு நாற்பத்தொன்றைப் பார்த்தேன். நாற்பத்தைந்துக்குப் போன் போட்டேன்.

"வேன்லதான் கீறேன்" என்றாள். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தம்.

"எப்டித் தாண்டின?"

"அந்தத் தண்ணி லாரிக்காரு குறுக்க போட்டுட்டாரு. பஸ்சுக்காரரு கத்தறாரு, அவன் கத்தறான், இவன் கத்தறான், இவரு எறங்கவே இல்ல. கான்ஸ்டபிளு வந்து கேட்டதுக்கு ஏர் எறங்கிச்சுன்னாரு. நா போய் வண்டியத் தட்டினப்புறம்தான் எடுத்தாரு."

சரி, வை என்று மட்டும் சொன்னேன்.

நிமிர்ந்து பார்த்தால் எனக்கு முன்னால் ஒரு வண்டி நீளத்துக்குக் கேப் விழுந்திருந்தது. பக்கத்திலிருந்து ஒருத்தன் மெதுவாக மூக்கைச் சொருகிக்கொண்டே, நான் திட்டப்போகிறேன் என்று என்னைப் பார்த்தான். போ என்று கையைக் காட்டினேன்.