மாஸ்கோ போகும் வழியில் தீர்ந்த பெட்ரோல்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை 4.20-க்கு என்னுடைய ஏழாவது டாங்க் டிவிஷன் ஸ்மோலென்ஸ்க் நகரத்தைத் தாண்டி நின்றது. நின்றது என்றால் ஓய்வெடுக்க இல்லை. பெட்ரோல் தீர்ந்துவிட்டது.

இடம் - பட்டாபிராமில் எங்கள் வீட்டு ஹால். டி.வி.க்கும் தையல் மெஷினுக்கும் நடுவில்.

பதறாதீர்கள். விளையாட்டுதான். ஆனால் நான் இன்னும் பதறிக்கொண்டுதான் இருக்கிறேன். காரணம் சொல்கிறேன்.

என் மச்சினன் சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்தபோது ஒரு பெட்டி கொண்டுவந்தான். உள்ளே இரண்டாம் உலகப் போர். விரித்தால் பாதி ஹாலை அடைக்கும் மேப், அதன்மேல் தேன்கூடு மாதிரி கட்டங்கள், இரண்டு டைஸ், தபால்தலை சைஸில் அட்டை வில்லைகள். ஒரு வில்லை, ஒரு படை. ஜெர்மனி உள்ளே புகுந்து மாஸ்கோவைப் பிடிக்க வேண்டும். ரஷ்யா தடுக்க வேண்டும். நான் ஜெர்மனி. என் மகள் சுகந்தி ரஷ்யா.

"ஏனுங்க, போயும் போயும் அந்த மீசைக்காரன் பக்கமா நிக்கறீங்க?" என்றாள் என் மனைவி தங்கமணி. பொள்ளாச்சிக்காரி. கல்யாணமாகி இருபது வருஷம் மெட்ராஸில் இருந்தும் அந்த 'ஏனுங்க' போகவில்லை. அதில் இருக்கும் மரியாதைதான் போய்விட்டது.

"மீசைக்காரனோட எனக்கு என்ன சம்பந்தம்? எனக்கு டாங்க்தான் முக்கியம்."

"அவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான்."

சரி, விளையாட்டில் தோற்றால் என்ன, மனிதன் பதறுவானா? பதறுவான்... அதற்குள் ஒரு பந்தயம் இருந்தால்.

சுகந்தி ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். திங்கட்கிழமை காலை இன்ஜினீயரிங் கவுன்சிலிங். அவளுடைய மார்க்குக்கு இரண்டு இடம் கிடைக்கும். ஒன்று கோயம்புத்தூர், ஹாஸ்டல். இன்னொன்று பூந்தமல்லி தாண்டி. காலேஜ் பஸ் எங்கள் தெருமுனைக்கே வரும். எதை நல்ல காலேஜ் என்பீர்கள்? நான் பஸ் வருவதைத்தான் நல்ல காலேஜ் என்பேன்.

ஒரு நாள்கூட எங்களை விட்டுத் தனியாகப் படுத்த பெண் இல்லை. மழைக்காலத்தில் வீஸிங் வேறு. ஹாஸ்டலில் நடுராத்திரி மூச்சு இழுத்தால் யார் எழுந்து வெந்நீர் வைப்பார்கள்? கோயம்புத்தூர்த் தண்ணீர் தேன் மாதிரி இருக்கும் என்று ஊரே சொல்கிறது. ஒத்துக்கொள்ளுமா என்று நான் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு மாதம் சண்டை போட்டோம். கடைசியில் அவளே வழி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை விளையாடலாம்ப்பா. நீங்க மாஸ்கோவைப் பிடிச்சா பூந்தமல்லி. பிடிக்கலேன்னா கோயம்புத்தூர். ஒரே கண்டிஷன்... எல்லாம் நிஜத்துல எப்படி இருந்துதோ அப்படியே இருக்கணும்."

எனக்கு லட்டு தின்ற மாதிரி இருந்தது. நிஜத்தில் இருந்த மாதிரி வைப்பதில்தானே நான் கெட்டிக்காரன்? லைப்ரரியில் தடித்தடிப் புத்தகங்கள் எடுத்து ஒவ்வொரு டிவிஷனையும் அச்சு அசலாக உருவாக்கினேன். டாங்குகள், பின்னால் லாரியில் சிப்பாய்கள், மோட்டார் சைக்கிள்காரர்கள், பாலம் கட்டுகிறவர்கள். என் ஏழாவது டிவிஷனில் பாதிக்கு மேல் டாங்க் செக்கோஸ்லோவாகியாவிலிருந்து பிடுங்கியது. அதற்கெல்லாம் சுகந்தியின் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்தேன். ரஷ்யாவுக்குக் கிளம்பும் முன் ஜெர்மன்காரர்கள் டாங்க் டிவிஷன்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினார்கள். டாங்க் அவ்வளவு ஏது? ஒவ்வொரு டிவிஷனிலும் பாதியாகக் குறைத்துத்தான்.

இதை மனைவியிடம் ஒரு ராஜதந்திரமாக விளக்கினேன்.

"கல்யாணத்துல பந்தி கூடினா சாம்பார்ல தண்ணி ஊத்துவாங்கல்ல, அதானுங்களா?" என்றாள்.

ஞாயிறு காலை நன்றாகத்தான் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதி ரஷ்யா என் கையில். வத்தக்குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கினேன். பூந்தமல்லி காலேஜ் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகும் மகளைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

பிறகு வந்தது 4.20.

"எதுக்கு நிக்கணும்? பெட்ரோல்தான் ரயில்ல வருதே" என்று எல்லையில் நின்ற என் சரக்கு ரயில் வில்லையைக் காட்டினேன்.

"அங்கேயே நிக்கும்ப்பா. உள்ளே வராது."

"ஏன் வராது? தண்டவாளம் இருக்கே."

"இருக்கு. ரஷ்யாவுல அகலம் ஜாஸ்தி. உங்க ஜெர்மன் ரயில் அதுல ஓடாது. மாத்திப் போட்டுட்டே வரணும். ஒரு தடவைக்கு இத்தனை கட்டம்தான்னு ரூல் புக்ல போட்டிருக்கு."

நான் ரூல் புக்கில் டாங்க் பக்கத்தை மட்டும் மனப்பாடம் செய்திருந்தேன். ரயிலைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது? இருபத்திரண்டு வருஷமாகப் பட்டாபிராமில் ஏறி சென்ட்ரலில் இறங்குகிறேன். போகும் வழியில் மிலிட்டரி சைடிங்கில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் நிஜ டாங்குகளையே தினம் பார்க்கிறேன். தண்டவாளம் என்றால் எனக்கு ஒரே தண்டவாளம்தான். ஏறினால் கொண்டுபோய் விடும்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "நம்ம கல்யாணச் சீரை மறந்துட்டீங்களா? பொள்ளாச்சியிலிருந்து சின்ன ரயில்ல வந்து, கோயம்புத்தூர்ல அண்டா குண்டானையெல்லாம் இறக்கி, பெரிய ரயில்ல ஏத்தினமுங்களே. நீங்க பிளாட்பாரத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க."

இப்போது புரிந்தது, ரஷ்யாவுக்கு ஆலோசகர் யார் என்று.

"லாரியில கொண்டாரேன்" என்றேன்.

"லாரியும் பெட்ரோல்தானே குடிக்கும்? பாதி வழியில அதுவே குடிச்சிடும்."

"குதிரை?"

"இருக்கு. நெறைய இருக்கு. ஆனா மெதுவாத்தான் வரும்." சொல்லிக்கொண்டே பவுடர் டப்பாவை எடுத்து மேப்பின் மேல் லேசாகத் தட்டினாள். பனி விழத் தொடங்கிவிட்டதாம். ஹால் பூராவும் மல்லிகை வாசனை. ரஷ்யக் குளிர்காலம் இவ்வளவு வாசனையாக இருந்திருந்தால் ஜெர்மன்காரன் கொஞ்சம் சந்தோஷமாகவாவது செத்திருப்பான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கட்டங்களுக்கு நடுவே எனக்குத் தெரிந்தது மாஸ்கோ இல்லை. ஒரு ஹாஸ்டல் ரூம், இரும்புக் கட்டில், ராத்திரி இருமுகிற ஒரு பெண்.

"அம்பயர் வரட்டும்" என்றேன்.

எங்கள் அம்பயர் ஏகாம்பரம், பக்கத்து வீடு. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறார். சந்தேகம் வந்தால் அவர் டைஸ் போடுவார், அவர் சொன்னதுதான் தீர்ப்பு. கூலி, டீ. அன்றைக்குப் பார்த்து கரையான்சாவடியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தார். பந்தயம் என்ன என்பது அவருக்கும் தெரியும், அவருக்கும் ஒரு பெண் உண்டு. ஒரு தகப்பன் மனசு இன்னொரு தகப்பனுக்குத் தெரியாதா? அந்த நம்பிக்கையில் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

சுகந்தி பவுடர் டப்பாவை மூடி வைத்தாள். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நகர முடியாமல் நின்ற டாங்குகளின் மேல் விழுந்த பவுடரை ஒவ்வொன்றாக ஊதிவிட்டாள்.

"தோத்தாலும் பரவாயில்லப்பா. நீங்க வேணாம்னா நான் போகல" என்றாள்.

இதைச் சண்டையாகச் சொல்லியிருந்தால் நான் சமாளித்திருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

உங்களுக்கு எப்படியோ... எனக்கு ஒன்று தெரிந்துவிட்டது. பிள்ளைகள் எதிர்த்து நிற்கும்வரை நாம் பெரிய தளபதி. அவர்கள் விட்டுக்கொடுத்த நிமிஷத்தில், எந்தப் பக்கம் தப்பு என்பது தெரிந்துவிடுகிறது.

ஏகாம்பரம் வரும்போது இருட்டிவிட்டது. நெற்றியில் சந்தனம், கையில் தாம்பூலப் பை. மேப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரூல் புக்கில் சுகந்தி காட்டிய பக்கத்தைப் பார்த்தார். எல்லையில் நிற்கும் ரயிலைப் பார்த்தார்.

"இன்னா சார், எல்லாரும் நட்ட நடு ரோட்ல குந்திகினு கீறானுங்க?"

"டைஸ் போடுங்க ஏகாம்பரம். லாரி ஒரு டிரம் கொண்டுவந்ததா வெச்சுக்கலாம்" என்றேன். கண்ணாலும் ஏதோ சொல்லிப் பார்த்தேன்.

அவர் டைஸைத் தொடவே இல்லை. டீயை வாங்கி ஒரு வாய் குடித்தார். சுகந்தியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"பெட்ரோல் வருமா வராதான்னு பாக்காம இம்மாம் டாங்கையும் ரஷ்யாவுக்கு அனுப்பிச்ச ஆளு நீ. அவ ஆத்தா ஊரு பொள்ளாச்சி பக்கத்துலயே கீது, பொண்ணை கோயமுத்தூர் அனுப்ப இன்னாத்துக்கு சார் பயப்படறே?"