எல்லைச் சாவடியில் மஞ்சள் பூசிய நாய்

ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், எங்கள் கெடா மாநிலத்தைத் தூக்கிச் சயாமுக்குக் கொடுத்திருந்த சமயம் நடந்தது இது. நான் பாடாங் செராய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எனக்கு மாப்பிள்ளை அமைந்ததோ புக்கிட் மெர்தாஜாம் பக்கம். முன்பெல்லாம் சைக்கிளில் போய்வருகிற தூரம்தான். இப்போது இந்தப் பக்கம் சயாம், அந்தப் பக்கம் ஜப்பான், நடுவில் ரோட்டை மறித்து ஒரு மூங்கில். தாலி ஏறுவதற்குள் என் புகுந்த வீடு வெளிநாடாகிவிட்டது!

கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த காலம் அது. சீருக்கும் வழியில்லை, சீலைக்கும் வழியில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்று. என் வெள்ளை நாயும் என்னோடு வரவேண்டும். கண் திறக்காத குட்டியிலிருந்து என் கையால் ஊட்டி வளர்த்தது. விட்டுவிட்டுப் போனால் அந்தப் பஞ்சத்தில் அதற்கு யார் சோறு போடுவார்கள்? என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து பேசவே யோசிப்பவர். "சரி" என்று ஒரு வார்த்தை சொன்னார். மனதாரச் சொன்னாரா, என் அழுகைக்குப் பயந்து சொன்னாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லையே.

சாவடியில் மனுஷரைவிட மிருகத்துக்குத்தான் கெடுபிடி அதிகம் என்று பயமுறுத்தினார்கள். ஆடோ நாயோ, நோயில்லை என்று பார்த்த பிறகுதான் விடுவார்களாம். சீக்கு நாயாக இருந்தால் அங்கேயே சுட்டுவிடுவார்களாம். என் நாய்க்குக் காதோரம் சின்னப் புண் இருந்தது. நான் சும்மா இருப்பேனா? புறப்படும் அன்று காலையில் கொல்லையில் பச்சை மஞ்சளைப் பிடுங்கி அரைத்து, தலை முதல் வால் நுனி வரை அப்பிக் குளிப்பாட்டினேன். மீந்ததை நானும் முகம், கை, கால் எல்லாம் தாராளமாகப் பூசிக் குளித்தேன். புதுப்பெண் அல்லவா!

சயாம் போலீஸ்காரர் ஏனோதானோவென்று கையசைத்து அனுப்பிவிட்டார். ஜப்பான் சிப்பாய் அப்படி விடவில்லை. நாங்கள் குனிந்து வணங்கி நிமிர்ந்தபோது அவன் கண் நாயின் மேல் நிலைத்திருந்தது. வெள்ளை நாய் மஞ்சளாக நின்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"சாக்கிட்!" என்று கத்தினான். நோய் என்று மலாயில் சொல்கிறான். துப்பாக்கி தோளிலிருந்து இறங்கியது.

"ஏ புள்ள, நாய விட்டுட்டு இங்கிட்டு வா!" என்றார் என் வீட்டுக்காரர்.

எனக்கு வந்ததே ஆத்திரம்! நாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "சாக்கிட் இல்ல லா! குன்யிட், குன்யிட்!" என்று மஞ்சளுக்கு மலாய்ப் பெயரைச் சொல்லி, என் முகத்தை நாயின் முகத்தோடு ஒட்டிக் காட்டினேன். இரண்டும் ஒரே நிறம் பார் என்று விளக்குகிறேனாம். என் புத்திசாலித்தனத்தை என்னவென்று சொல்வது!

அவன் என் முகத்தைப் பார்த்தான். கையைப் பார்த்தான். சட்டென்று பின்வாங்கி, "சாக்கிட்! டுவா டுவா சாக்கிட்!" என்றான். இரண்டு பேருக்குமே நோயாம். நானும் நாயும் ஓரத்துக் கொட்டகைக்கு. என் வீட்டுக்காரர் மட்டும் அந்தப் பக்கம் போகலாம் என்று துப்பாக்கி முனையால் காட்டினான்.

வரிசையில் எங்களுக்குப் பின்னால் காய்கறிக் கூடையோடு ஒரு மலாய்க்கார அம்மா நின்றிருந்தார். முன்பின் பார்த்ததில்லை. கூடைக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் கிழங்கை எடுத்துப் படக்கென்று ஒடித்து நீட்டினார். அதை வாங்கியது நான் இல்லை, என் வீட்டுக்காரர். கருகருவென்ற தம் முகத்தில் பரபரவென்று தேய்த்தார். நெற்றி, கன்னம், மீசை, ஒன்றையும் விடவில்லை.

"சாயாவும் சாக்கிட்தான் லா! மூணு பேரும் சாத்து ரூமா!" என்றார். எனக்கும் நோய்தான், நாங்கள் மூன்று பேரும் ஒரே வீடு என்று சிப்பாயிடமே சொல்லிவிட்டார். அதுவரை அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிப்பாய் கிட்டே வந்தான். விரலால் என் வீட்டுக்காரர் கன்னத்தைத் தொட்டு, மோந்து பார்த்தான். பிறகு நாயை மோந்தான். மீசையெல்லாம் மஞ்சளாக ஓர் ஆண்பிள்ளை நிற்பதை இன்னொரு தடவை பார்த்தான். பாவம், அவனாலும் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே மூங்கிலைத் தூக்கிவிட்டான். அந்த அம்மாவுக்கு நன்றி சொல்லத் திரும்பினால், போ போ என்று கையால் விரட்டினார்.

ஜப்பான்காரன் சண்டை முடிந்தது, சாவடியும் போயிற்று. அதன்பின் நாங்கள் வாழ்ந்த வாழ்க்கையில் பேசாமல் முறைத்துக்கொண்டிருந்த நாள்கள் எத்தனையோ உண்டு. ஆனால் "மூணு பேரும் ஒரே வீடு" என்று அத்தனை பேர் முன்னிலையில் மஞ்சள் முகத்தோடு நின்ற மனிதரை நினைத்தால் என் கோபம் பாதியிலேயே சிரிப்பாகிவிடும். ஊரறியத் தாலி கட்டியது தோட்டத்துக் கோயிலில்தான் என்றாலும், அவர் என் புருஷன் ஆனது அந்த எல்லையில்தான் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.