எர்மெலிந்தாவின் மாட்டுப்பாதை

தென்னாப்பிரிக்காவிலிருந்து எல்லை தாண்டி எங்கள் நாட்டு மப்புட்டோ துறைமுகத்துக்கு வரும் சுங்கச்சாலையைப் புதிதாகப் போட்டபோது, எர்மெலிந்தா திமானேயின் மாட்டுப்பட்டி ஒரு பக்கமும் இன்கொமாத்தி ஆறு மறுபக்கமுமாகிப் போயின. தண்ணீர் காட்ட, தாது லாரிகளுக்கு நடுவே மாடுகளை ஓட்ட வேண்டும். அந்தக் கோடையிலேயே இரண்டு பசுக்கள் அடிபட்டுச் செத்தன.

சாலைக்கு அடியில் ஒரு வழி வேண்டுமென்று கேட்கப் போனாள். அப்போது அங்கே வேன் ஓட்டிக்கொண்டிருந்த நான்தான் அவளைச் சுங்கச்சாவடியில் இறக்கிவிடுவேன்.

சாலையை நடத்தும் கம்பெனியின் என்ஜினியர் முலாவ் நல்ல மனிதர். "அம்மா, ரோட்டைப் பாக்குறதுதான் எங்க வேலை. நிலம் அரசாங்கத்துது. அவங்க சொன்னா நாளைக்கே தோண்டுறேன்" என்றார்.

மாவட்ட அலுவலகத்தில் அதிகாரி பந்தேயிரா, "ரோட்டைத்தான் கம்பெனிகிட்ட குடுத்தாச்சே. சுங்கம் வாங்குறவன் கட்டட்டும்" என்றார்.

ஒரு வருஷம் இப்படியே போனது.

"ரெண்டு புருஷன் கட்டுன மாதிரி இருக்குடா. ஒருத்தனும் விறகு வெட்ட மாட்டேங்கிறான்" என்றாள் என்னிடம்.

பிறகு ஒரு சனிக்கிழமை இருவரையும் விருந்துக்கு அழைத்தாள். ஒருவர் வருவது மற்றவருக்குத் தெரியாது. மாமர நிழலில் எதிரெதிரே உட்கார வைத்து, சோளக்களியும் தேங்காய்ப்பாலில் வெந்த மரவள்ளிக்கீரையும் பரிமாறினாள். இருவரும் கூச்சத்துடன் சாப்பிட்டார்கள். சாப்பிட்டு முடித்ததும் எர்மெலிந்தா ஆளுக்கொரு சிவப்புத் துணியை நீட்டினாள்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டுற நேரம். என் பையன் ஊருக்குப் போயிட்டான். ரெண்டு பேரும் லாரிய நிறுத்துங்க."

மறுக்க வழியில்லை. அவள் சோற்றைத் தின்றிருந்தார்கள். பந்தேயிரா எல்லைப் பக்கம் நின்று துணியை ஆட்டினார். முலாவ் துறைமுகப் பக்கம் நின்றார். மாடுகள் பாதி கடந்தபோது ஒரு லாரி பிரேக் அடித்து, சறுக்கி, பந்தேயிராவுக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. பின்னால் பாய்ந்தவர் சாணியில் விழுந்தார். முலாவ் ஓடிவந்து அவரைத் தூக்கினார்.

"தினமும் இப்படியா?" என்று கேட்டார் பந்தேயிரா.

"காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை" என்றாள்.

சட்டையைக் கழுவக்கூடப் போகாமல், அந்த மாமரத்தடியிலேயே இருவரும் பேசி முடித்தார்கள். நிலம் அரசாங்கம் தரும், கம்பெனி கட்டும். மழைக்கு முன்பே வேலை முடிந்தது.

திறப்பு விழாவில் கல்வெட்டில் யார் பெயர் மேலே என்று புதுச் சண்டை வந்தது. "யாரை வேணா மேல போடுங்க. மாடு படிக்காது" என்றாள் எர்மெலிந்தா.

அமைச்சரகத்து ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் வாசனை பிடித்த காளை ரிப்பனை அறுத்துக்கொண்டு சாலைக்கு அடியிலிருந்த புது வழிக்குள் நுழைந்தது. மந்தை முழுதும் பின்னால் போனது. தலைக்கு மேலே லாரிகள் உறுமின. புது கப்புலானாத் துணி உடுத்தியிருந்த எர்மெலிந்தா கைதட்டிப் பாடிக்கொண்டே மாடுகளோடு நடந்து அந்தப் பக்கம் வெளியே வந்தாள். துணி நனைவதைப் பொருட்படுத்தாமல் ஆற்றில் முழங்கால் ஆழத்தில் நின்று, மாடுகள் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேடையிலிருந்து மைக்கில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் போகவில்லை.